இரண்டு போத்தல் எண்ணெய்

தெஹியோவிட்டப் பக்கத்து அந்த இறப்பர் தோட்டத்தில் ஸ்ரீதரனின் மூக்குக்கென்று தனி மரியாதை இருந்தது. இருபத்தாறு வருஷம் தோட்டத்துக்கு மருந்து அடித்தவன். களைக்கொல்லி டேங்கின் மூடியைத் திறந்து ஒருதரம் மூக்கை நீட்டினால் போதும், தண்ணீர் கூடியிருக்கிறதா, மருந்து கூடியிருக்கிறதா என்று சொல்லிவிடுவான். கங்காணி அளந்து ஊற்றியதைக்கூட, "இது சரியில்லீங்க, தண்ணி தூக்கலா இருக்கு" என்று திருப்பி அனுப்பியிருக்கிறான். பங்களாவில் காஸ் கசிகிறது என்று சந்தேகம் வந்தபோது துரை ஆளனுப்பிக் கூப்பிட்டதும் அவனைத்தான். அந்தப் பெருமையில் கொஞ்ச காலம் தலைகால் புரியாமல் நடந்தான் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்த மூக்கு செத்து ஐந்து வருஷமாகிறது. நாடே காய்ச்சலில் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்த வருஷம், தொழிலாளர் லயத்து வீடுகளில் எல்லாருக்கும் வந்தது அவனுக்கும் வந்தது. போகும்போது வாசத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. மற்றவர்களுக்கு ஒரு மாதத்தில் திரும்பிய வாசம் அவனுக்கு மட்டும் திரும்பவில்லை. முகத்தில் ஒரு துணிகூடக் கட்டாமல் அடித்த மருந்துதான் உள்ளே ஏற்கெனவே அரித்து வைத்திருந்தது என்று தனக்குள் முடிவு கட்டிக்கொண்டான். வெளியே மூச்சு விடவில்லை. மூக்கால் பேர் வாங்கியவன் மூக்கு போய்விட்டதென்று எந்த வாயால் சொல்வான்?

ஆகவே பொய் சொல்லப் பழகினான். அடுப்பில் கருவாட்டுச் சட்டியைக் கண்டால், "வாசம் ஆளைத் தூக்குதே!" என்பான். மனைவி விஜயகலாவுக்கு முகம் மலர்ந்துவிடும். மகளுக்குப் பிள்ளை பிறந்தபோது பச்சை மண்ணைக் கையில் வாங்கி, தலையை மோந்து பார்த்து, "பால் வாசம்" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னான். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

பிறகு தோட்டத்தில் மருந்தடிப்பை வெளியாட்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஸ்ரீதரன் வீட்டோடு ஆனான். அந்த நேரத்தில்தான் பழைய இறப்பரைப் பிடுங்கிய சரிவில் ஒரு துண்டு நிலத்தை மரக்கறி போட மாதர் சங்கத்துக்கு விட்டுக்கொடுத்தார்கள். சங்கச் செயலாளர் விஜயகலாதான். பயற்றங்காயும் பாகலும் போட்டார்கள். பூச்சிக்கு டவுன் கடையில் மருந்து வாங்கலாம் என்று தலைவி இராஜகுமாரி சொன்னபோது, விஜயகலா ஒரே பிடியாக நின்றாள்.

"புள்ளைங்க பிஞ்சைப் பறிச்சு பச்சையாவே கடிக்குதுங்க. மருந்துச் சட்டையை இருபத்தாறு வருஷம் தனி வாளியில தொவைச்சவ நான். என் விரலைப் பாருங்க" என்று கையை விரித்துக் காட்டினாள். விரலிடுக்குகளில் பழைய வெடிப்புகள் இன்னும் தெரிந்தன. டவுன் மருந்துப் பேச்சு அதோடு நின்றது.

விவசாயத் திணைக்களத்திலிருந்து வந்த ஆபீசர் மிஸ் வழி காட்டினார். எம்பிலிப்பிட்டியப் பக்கம் மழை குறைவு, அங்கே வேம்பு நிற்கும், அங்கிருந்து வேப்பெண்ணெய். பக்கத்துச் சிங்களக் கிராமத்தில் கறுவாப்பட்டை மரத்து இலையைக் காய்ச்சி வடிக்கிறார்கள். அங்கிருந்து கறுவா இலை எண்ணெய். பூச்சிக்கு வேப்பெண்ணெய், இலையில் விழும் புள்ளி நோய்க்குக் கறுவா எண்ணெய், ஒரு வாரம் அது, மறுவாரம் இது. சவர்க்காரக் கட்டியைச் சீவிச் சுடுதண்ணீரில் கரைத்து, எண்ணெயை அதில் பால் மாதிரி வரும்வரை அடித்து, பிறகுதான் டேங்கில் ஊற்ற வேண்டும். வேப்பெண்ணெய் என்றால் டேங்குக்கு மூன்று மூடி. கறுவா எண்ணெய் ஒரேயொரு தேக்கரண்டி. அதற்கு மேல் போனால் இலை வெந்துவிடும் என்று மிஸ் சிங்களத்தில் இரண்டு தரம் சொன்னார். விஜயகலா அதைத் தமிழில் நான்கு தரம் சொன்னாள்.

கலக்கி அடிக்கும் வேலையை ஸ்ரீதரனிடம் கொடுத்தார்கள். வேறு யாரிடம் கொடுப்பார்கள்? "அண்ணன் மூக்கு இருக்கையில நமக்கென்ன பயம்" என்றாள் இராஜகுமாரி. அன்று அவன் மலைத்தண்ணீர் கொட்டும் பீலியில் குளித்துவிட்டு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டான்.

இரண்டு எண்ணெயும் ஒரே மாதிரி கபில நிறச் சாராயப் போத்தல்களில் வந்திருந்தன. பேர் எழுதிச் சோற்றுப் பசையில் ஒட்டிய காகிதத் துண்டுகள் முதல் மழைக்கே கழன்று விழுந்துவிட்டன. மற்றவர்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. மூடியைத் திறந்தால் குழந்தைகூடச் சொல்லிவிடும் எது எதென்று. ஸ்ரீதரன் சரிவோரத்துக் கொட்டிலில் வேப்பெண்ணெயை இடப்பக்கமும் கறுவாவை வலப்பக்கமும் வைத்து, அந்த ஒழுங்கிலேயே ஏழு வாரம் ஓட்டினான்.

எட்டாவது வாரம் கொட்டிலைக் கூட்டிய யாரோ போத்தல்களை எடுத்து, துடைத்து, மாற்றி வைத்துவிட்டார்கள்.

அது வேப்பெண்ணெய் முறை. அந்தியில் தனியாகப் போனான். இடப்பக்கத்துப் போத்தலைத் திறந்து, பழக்க தோஷத்தில் மூக்கையும் நீட்டிவிட்டு, மூன்று மூடி ஊற்றினான். எண்ணெய் கொஞ்சம் இலேசாக ஓடியது. பகல் வெயிலில் இளகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டான். சரிவு முழுவதும் ஓர் இலை விடாமல், அடியும் மேலும் நனைய அடித்தான். அவன் வேலையில் சுத்தம் எப்போதும் அப்படி.

வீட்டு வாசலில் கால் வைத்ததும் விஜயகலா தலை நிமிர்த்தினாள்.

"என்னங்க இது, மேலெல்லாம் கறுவா வாசம்? இன்னைக்கு வேப்பெண்ணெய்தானே?"

மூன்று மூடி ஊற்றியது கறுவா என்று அவனுக்கு அப்போதுதான் புரிந்தது. அந்த நிமிஷமே ஓடியிருக்கலாம். ஆட்களைக் கூப்பிட்டு, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி இலைகளைக் கழுவியிருக்கலாம். ஏன் என்று கேட்பார்களே! அந்த ஒரு கேள்விக்குப் பயந்து, "ரெண்டையும் கொஞ்சம் கலந்து அடிச்சேன். மிஸ் போன தடவை அப்படித்தான் சொன்னாங்க" என்றான். சொல்லிவிட்டுக் குளிக்கப் போனான். விடியும்வரை மழைக்காகக் காது கொடுத்துக் கிடந்தான். வருஷம் முழுக்கக் கொட்டித் தீர்க்கிற ஊரில் அன்றைக்கு ஒரு தூறல்கூட இல்லை.

இரண்டு நாளில் இலைகளின் ஓரம் பழுப்பாகியது. மூன்றாம் நாள் கொடிகள் வெந்நீர் ஊற்றினதுபோல் தொங்கின. பூவெல்லாம் கருகி உதிர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்காம்பராவில் கூட்டம் போட்டார்கள். வேலைநாளில் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் அந்த அறையில், தொட்டில்களை ஓரமாக ஒதுக்கிவிட்டுப் பாய் விரித்திருந்தார்கள். ஸ்ரீதரன் வாசலோரம் சாய்ந்து நின்றான்.

"எண்ணெய் எண்ணெய்ன்னு சொல்லி எல்லாத்தையும் வறுத்துட்டோம்" என்றாள் இராஜகுமாரி. "அந்த மிஸ் ரெண்டையும் கலக்கச் சொல்லியிருக்குன்னு அண்ணனே சொன்னாராம். படிச்ச புள்ளைக்குப் பயிர் தெரியல. மிச்சத்தையாவது காப்பாத்தணும்னா டவுன்ல மருந்து வாங்குவோம். கை தூக்குங்க."

விஜயகலா எழுந்தாள். என்றைக்கும் வார்த்தைக்குத் தட்டுப்பாடு இல்லாதவள், அன்று தடுமாறினாள். "மிஸ் அப்படிச் சொன்னது எனக்கும் இவரு சொல்லித்தான் தெரியும்... நான்தான் எண்ணெய் எண்ணெய்ன்னு அடம் பிடிச்சேன். தப்பு என்னோடதுதான் போல" என்று பாயைப் பார்த்தபடி சொன்னாள். வெடித்த விரல்களைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டாள். ஸ்ரீதரனுக்குத் தாங்கவில்லை. தன் மீதே காறித் துப்பலாம் போல் இருந்தது.

"மிஸ் ஒண்ணும் சொல்லல. எண்ணெய் மேலயும் பிழை இல்ல" என்றான். குரல் அவனுக்கே அந்நியமாகக் கேட்டது. "போத்தலை மாத்தி ஊத்திட்டேன். கறுவா எண்ணெய் மூணு மூடி. எனக்கு வாசம் தெரியாது. அஞ்சு வருஷமா மூக்கு வேலை செய்யல."

எல்லாரும் அவன் பக்கம் திரும்பினார்கள். பிறகு இராஜகுமாரி சிரித்துவிட்டாள். "பொஞ்சாதி மானத்தைக் காப்பாத்த அண்ணன் நல்லாத்தான் கதை விடுறாரு! உங்க மூக்கா? தோட்டத்துக்கே தெரியுமே!"

அவளே போய், கூட்டத்துக்கென்று கொண்டுவந்து மூலையில் வைத்திருந்த போத்தல்களில் ஒன்றை எடுத்து வந்தாள். "கண்ணை மூடுங்க" என்று அதட்டி, மூடியைத் திறந்து அவன் மூக்கருகே பிடித்தாள். முன் வரிசையில் ஒருத்தி மூக்கைப் பொத்தினாள். மடியிலிருந்த பிள்ளையொன்று தும்மியது. அறை முழுக்கக் கறுவா.

ஸ்ரீதரன் நெஞ்சு நிறைய இழுத்தான். இன்னொரு தரமும் இழுத்தான். ஒருவேளை, இந்த ஒருதரமாவது, என்று மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டும் இழுத்தான்.

"சத்தியமா தெரியல தங்கச்சி."

கண்ணைத் திறந்தபோது இராஜகுமாரியின் முகத்தில் சிரிப்பு இல்லை. மெதுவாக மூடியைத் திருகினாள். "முதல்லயே சொல்லியிருக்கலாமேண்ணே" என்று மட்டும் சொன்னாள். மருந்துக்குக் கை தூக்கச் சொல்லி அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. கருகினதை வெட்டிவிட்டு மறுபடி விதை போடுவதென்று பேசி முடித்தார்கள். வேப்பெண்ணெய்ப் போத்தலின் கழுத்தில் சிவப்புத் துணி கட்டச் சொன்னார்கள். வேலையை அவனிடமிருந்து பிடுங்கவும் இல்லை. அதற்குத்தான் அவனுக்கு அழுகை வந்தது.

வீட்டுக்குப் போகும் வழியில் விஜயகலா முன்னால் நடந்தாள். பாதி வழியில், திரும்பாமலே கேட்டாள்.

"அப்ப கருவாட்டுக் குழம்பு?"

"சட்டியைப் பார்த்துட்டுச் சொல்றதுதான்."

இன்னும் கொஞ்ச தூரம் நடந்தார்கள்.

"பாப்பா பொறந்தப்ப தலையை மோந்து பார்த்துப் பால் வாசம்னு சொன்னீங்களே?"

அவன் நடை பின்தங்கியது. அவள் நின்றாள். கோபமாக ஏதோ சொல்ல வந்தவள், அவன் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி நடந்தாள்.

அடுத்த வாரம் அவன் கொட்டிலுக்குப் போனபோது அவளும் கூடவே வந்தாள். சிவப்புத் துணி கட்டியிருந்தும், மூடியைத் திறந்து தானே ஒருமுறை மோந்து, "வேப்பெண்ணெய்தான். கடலை கெட்டுப்போன மாதிரி, கூடக் கொஞ்சம் பூண்டு" என்று சொல்லிக் கொடுத்தாள். வேப்பெண்ணெய் வாசம் அப்படித்தான் இருக்கும் என்று அவனுக்கு நினைவு வந்தது.

அன்று மாலை பேத்தி லக்ஷிகா விளையாடிக் களைத்து விஜயகலாவின் மடியில் தூங்கிப்போனாள். ஸ்ரீதரன் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். கேட்க வெட்கமாக இருந்தது. ஆனாலும் கேட்டான்.

"பாப்பா தலை எப்படி இருக்கு, சொல்லு."

விஜயகலா குனிந்து, அவசரப்படாமல் மோந்து பார்த்தாள்.

"தேங்கா எண்ணெய். வேர்வை. வாசல் புழுதி."

"பால் வாசம்?"

அவள் பேத்தியின் முடியை ஒதுக்கிவிட்டாள்.

"அது போயிருச்சுங்க. பாப்பாவுக்கு மூணு வயசு முடியப் போகுதே."