ஆறாவது வேட்டு

பாகலூருக்குக் கிழக்கே வெங்கடப்பன் நிலத்தில் கிணறு வெட்டிய வருஷம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நாலு. இரண்டு வருஷமாக மழை ஏமாற்றியிருந்தது. ஏழு ஆள் ஆழம் போயும் கருங்கல்லைத் தவிர ஒன்றும் இல்லை. உடைத்த கல்லைக் கூடையில் சுமந்து கொட்டிய பெண்களில் நானும் ஒருத்தி. அதனால் இதை யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை, கண்ணுகளா.

பாறைக்கு வேட்டு வைக்க இரண்டு பேர் இருந்தார்கள். இருவருமே பெங்களூர் சாப்பர் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர்கள். பாலம் கட்டுவது, பாறை உடைப்பது, எதிரி புதைத்த வெடியைத் தோண்டி எடுப்பது, இதெல்லாம் அந்தப் பட்டாளத்து வேலை. ஆனால் இருவரும் போன சண்டை வேறு. தீர்த்தகிரிக் கவுண்டர் முதல் பெரிய சண்டையில் பஸ்ரா பக்கம் போனவர். கிணறு வெட்டும்போது அவருக்கு ஐம்பத்தேழு வயது. திம்மப்பன் இரண்டாவது சண்டையில் பர்மாவுக்குப் போனவன். அவனுக்கு முப்பத்து நாலு. எங்கள் தெருக்காரன், செல்லியின் புருஷன்.

கவுண்டர் நாயக்காகத் திரும்பினார், திம்மப்பன் ஹவில்தாராக. பட்டாளத்தில் ஹவில்தார் மேலே, நாயக் கீழே. பாகலூரில் கவுண்டர் ஊருக்குள்ளே, திம்மப்பன் ஊருக்கு வெளியே.

மத்தியானம் களி தின்னும்போது கவுண்டரும் வெங்கடப்பனும் புளியமரத்தடியில் இருப்பார்கள். நாங்கள் பத்தடி தள்ளிப் புங்கமரத்தடியில். தண்ணீர்ப் பானை அவர்கள் பக்கம். எங்களுக்குத் தாகம் எடுத்தால் போய்க் கையைக் குவித்து நிற்க வேண்டும். அவர்கள் வீட்டு வேலைக்காரன் உயரத்திலிருந்து ஊற்றுவான். அந்தப் பத்தடிக்கு மேலேதான் இரண்டு சண்டையும் தினம் நடக்கும்.

"சண்டைன்னா எங்க சண்டைடா திம்மா," என்பார் கவுண்டர். "ஆத்துக்கு அந்தக் கரையில துருக்கிக்காரன். அவன் கண்ணு மூக்கெல்லாம் தெரியும். அவன் சுடறான், நாங்க படகை அடுக்கிப் பாலம் போடறோம்."

"எங்களுக்கு ஜப்பான்காரன் மூஞ்சியே தெரியாதுங்க கவுண்டரே. பாதையில வெடியப் பொதைச்சுட்டுப் போயிருவான். காலை வெச்சா நாம மேல, பூமி கீழ."

"அதெல்லாம் ஒரு சண்டையா? பெருச்சாளி மாதிரி மண்ணப் பறிக்கிற வேலை."

"பெருச்சாளிதானுங்க. ஆனா ஹவில்தார் பெருச்சாளி. நாயக்கு எதுக்க வந்தா நின்னு சல்யூட் அடிக்கணும்."

கூடைக்காரிகள் நாங்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்போம். கவுண்டர் முகம் சிவக்கும். உடனே தன்னோடு பட்டாளத்தில் இருந்த ராமப்பன் கதையை எடுப்பார். ஒரு படகில் பதினெட்டு பேர் ஏறினார்களாம். துடுப்புப் பிடிக்க மிஞ்சியவர் நாலு. செத்தவர்களைத் தள்ள நேரமில்லாமல் அவர்கள் முதுகிலேயே முழங்கால் ஊன்றிப் பலகை அடித்தார்களாம். அப்போது இரண்டு படகுக்கு நடுவில் ராமப்பன் கால் சிக்கிக்கொண்டது. குண்டு மழையில் கவுண்டர் கோடாலியை எடுத்தார். மூன்றே வெட்டு. அவனைத் தோளில் போட்டுக்கொண்டு கரை சேர்த்தார். "இன்னைக்கும் கோலார் பக்கம் கட்டைக்காலோட பேரன் பேத்தி எடுத்துட்டு ஜம்முனு இருக்கான்!"

திம்மப்பன் கதையில் கோவேறு கழுதை ஒன்று வரும். வெடியை மிதித்து, குடல் மூங்கில் புதரில் மாலை மாதிரித் தொங்கியது. அதை ஓட்டி வந்தவன் தன் பூட்ஸைக் காணோமென்று ஊர்ந்து ஊர்ந்து தேடினான். கிடைத்த பூட்ஸுக்குள் அவன் பாதம் இருந்தது. "நான் நாப்பத்திரண்டு வெடி எடுத்தேனுங்க. கத்தி முனையில மண்ண நீக்கி, வெரலால தடவி. ஒண்ணுகூட வெடிக்கல."

இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது, அந்த வெள்ளிக்கிழமை வரைக்கும்.

அன்று ஆறு குழி போட்டு, ஆறு வெடிமருந்துத் தோட்டா இறக்கி, களிமண் கெட்டித்து, திரியைக் கொளுத்திவிட்டு இருவரும் வடக்கயிற்றில் மேலே வந்தார்கள். எல்லோரும் வரப்புக்குப் பின்னால் படுத்துக்கொண்டோம். ஒன்று. இரண்டு. மூன்றாவதில் கல் துண்டுகள் புங்கமரத்தைக் கிழித்தன. நாலு. பிறகு ஒரு பெரிய சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை.

"அஞ்சு," என்றான் திம்மப்பன். "ஒண்ணு உள்ள இருக்குதுங்க. இன்னைக்கு யாரும் எறங்கக் கூடாது."

"ஆறும் வெடிச்சாச்சு. கடைசியில ரெண்டு ஒண்ணா வெடிச்சுது. பஸ்ரா பீரங்கியில பழகின காதுடா இது."

"அந்தப் பீரங்கிதானுங்க கவுண்டரே உங்க காதை வாங்கிட்டுப் போயிருச்சு."

வெங்கடப்பனே வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புத்தான் கெடுத்தது. கவுண்டர் கடப்பாரையைக் கயிற்றில் கட்டி இறக்கினார். புகை அடங்கியதும் தானும் இறங்கினார். திம்மப்பன் ஓடி வந்து கயிற்றைப் பிடிப்பதற்குள் தலை மறைந்துவிட்டது.

கடப்பாரை பாறையில் மோதும் சத்தம் நாலு தடவை கேட்டது. ஐந்தாவதுக்குப் பதிலாக ஒரு பெரிய சரிவும், மனுஷன் போட்டதென்றே நம்ப முடியாத ஓர் அலறலும் வந்தன.

எட்டிப் பார்த்தோம். ஆள் உயரப் பலகைக்கல் ஒன்று சுவரிலிருந்து பெயர்ந்து, உட்கார்ந்த நிலையில் விழுந்திருந்த கவுண்டரின் இடது காலை முழங்காலுக்குக் கீழே அழுத்திக் கிடந்தது. கல் பெயர்ந்த இடத்திலிருந்து தண்ணீர் பீறிட்டது. இரண்டு வருஷமாகத் தேடிய தண்ணீர். அது கவுண்டரின் ரத்தத்தோடு கலந்து சிவப்பாகச் சுழன்றது.

"சம்மட்டி எடுத்துட்டு எறங்குங்கடா! கல்ல ஒடைங்கடா!" என்று வெங்கடப்பன் கத்தினார்.

"ஒடைக்காதீங்க!" கீழேயிருந்து கவுண்டர் குரல். "திம்மா... ஆறாவது இந்தக் கல்லுலதான் இருக்குது. திரி வால் கண்ணுக்குத் தெரியுது."

சம்மட்டி எடுத்தவர்கள் அப்படியே நின்றார்கள். கல்லை அடித்தால் உள்ளே தோட்டாவைப் பற்றவைக்கும் சின்னக் கேப்பு வெடிக்கும், தோட்டா வெடிக்கும், கவுண்டர் துண்டு துண்டாகப் போவார். அடிக்காவிட்டால் மூழ்குவார். வாளியால் இறைத்துப் பார்த்தோம். நாங்கள் ஒரு வாளி எடுத்தால் ஊற்று மூன்று வாளி கொடுத்தது. தண்ணீர் அவர் இடுப்பைத் தாண்டியது.

வெங்கடப்பன்தான் சொன்னார்: "கோடாலி எறக்குங்க. ராமப்பனுக்குச் செஞ்ச மாதிரி காலை எடுத்திரலாம்."

திம்மப்பன் வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டான். செல்லி ஓடி வந்து அவன் கையைப் பிடித்தாள். அவளுக்குப் பயம் வந்தால் கன்னடம்தான் வரும். "பேடா! எறங்க வேணாம். அவுரு வீம்புக்கு எறங்கினாரு, நீ எதுக்குச் சாகணும்?" அவன் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு, கோடாலியை முதுகில் செருகிக்கொண்டு இறங்கினான். கிணறு எதையும் மறைக்காது. கீழே முனகினாலும் மேலே கேட்கும். மேலே நின்ற அத்தனை பேரும் இதைக் கேட்டோம்.

"கண்ண மூடிக்குங்க கவுண்டரே. மூணு வெட்டுன்னீங்க. நான் ரெண்டுல முடிக்கிறேன்."

"வேணாண்டா."

"தண்ணி நெஞ்சுக்கு வந்திருச்சுங்க!"

"ராமப்பன் பொழைக்கலடா." கவுண்டர் குரல் உடைந்து வந்தது. "மொத வெட்டு எலும்புல பட்டுத் திரும்பிருச்சு. ரெண்டாவதுக்கு அவன் என் சட்டையப் பிடிச்சுக்கிட்டு, விட்டுரு மச்சான், நான் இப்படியே போறேன்னான். நான் விடல. மூணாவதுல கால் வந்துச்சு, உசுரும் கூடவே வெளிய வந்திருச்சு. என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே போயிட்டான். கோலார்ல யாரும் இல்ல. முப்பத்தேழு வருஷமாப் பொய் சொல்லிட்டிருக்கேன். கோடாலி வேணாம், திம்மா. வெடிய எடு. நாப்பத்திரண்டு எடுத்தவன் நீ."

திம்மப்பன் கோடாலியைத் தண்ணீருக்குள் நழுவ விட்டான்.

"நாப்பத்தி மூணுங்க," என்றான் திம்மப்பன். "நாப்பத்தி மூணாவதுல என் கை நடுங்கிச்சு. பக்கத்துல விளக்குப் பிடிச்சுட்டிருந்த கரியப்பன் தலை இருந்த எடத்துல ஒண்ணுமே இல்ல. எனக்குக் காதுல மட்டும் ரத்தம். அன்னைக்கிருந்து நான் ஒண்ணுகூட எடுக்கல."

கண்ணுகளா, தினம் மத்தியானம் நாங்கள் சிரித்துக் கேட்ட இரண்டு சண்டையும் அந்தத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தன.

பிறகு திம்மப்பன் குரல் மாறியது. அந்தக் குரலை நாங்கள் ஊரில் ஒருநாளும் கேட்டதில்லை.

"நாயக்! கையிரண்டையும் தலைக்கு மேல தூக்கு! தூக்குய்யா! நான் சொல்ற வரைக்கும் அசையாதே. அசைஞ்சே, ரெண்டு பேரும் போயிருவோம். வெளங்குச்சா?"

கவுண்டரை அவன் நீ என்று பேசினான். கவுண்டர் கைகளைத் தூக்கினார். "சரிங்க சாப்," என்றார், பட்டாளத்தில் மேலதிகாரிக்குச் சொல்வதுபோல.

அவன் முகத்தைக் கல்லோடு ஒட்டிக்கொண்டு, ஒரு மூங்கில் குச்சியால் குழிக்குள் கெட்டித்த களிமண்ணைக் கிளறினான். தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றிக் கரைத்தான். குழி தண்ணீருக்குள் போன பிறகு கண்ணுக்கு வேலை இல்லை, விரல்தான். தண்ணீர் கவுண்டரின் கழுத்துக்கு வந்தது. அவர் தலையைப் பின்னால் சாய்த்து வானத்தைப் பார்த்தபடி மூச்சு வாங்கினார். அவர் பார்த்த வட்டத்தின் விளிம்பில் எங்கள் முகங்கள் இருந்திருக்கும்.

"வருது... வருது..." திரியைப் பிடித்து மெல்ல இழுத்தான். மெழுகு மாதிரி தோட்டா வெளியே வந்தது. அதிலிருந்து கேப்பை உருவி வலது கையில் வைத்துக்கொண்டு, தோட்டாவை வாளியில் போட்டான். நாங்கள் வாளியை இழுத்தோம். அவன் கையில் மிஞ்சியது சுண்டுவிரல் பருமன் கேப்பு ஒன்றுதான்.

அப்போது தண்ணீர் கவுண்டரின் மூக்கில் ஏறியது. முங்குகிறவனுக்குக் கட்டளை காதில் விழுமா? தூக்கியிருந்த இரண்டு கையும் கீழே வந்து, எதையாவது பிடிக்க வேண்டுமென்று அடித்தன. ஓர் அடி திம்மப்பன் கையைப் பாறையில் மோதியது.

சின்ன சத்தம்தான். கிணற்றுச் சுவரில் சிவப்புத் தெறித்தது. நடு மூன்று விரல்களும் இல்லை. திம்மப்பன் கத்தவில்லை. அந்தக் கையை அக்குளில் இறுக்கிக்கொண்டு, இடது கையால் கவுண்டரின் தாடையைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்தான்.

"மருந்து போயிருச்சு! சம்மட்டி எறங்குங்கடா!"

இரண்டு பேர் கயிற்றில் சறுக்கி இறங்கினார்கள். தண்ணீருக்கு மேலே தெரிந்த விளிம்பில் அடித்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் கல்லின் அதிர்ச்சி கவுண்டரின் எலும்புக்குள் போயிருக்க வேண்டும். அவர் திம்மப்பன் தோளைக் கடித்துக்கொண்டிருந்தார். ஒன்பதாவது அடியில் கல் பிளந்தது. கால் வந்தது. எலும்பு இரண்டு இடத்தில் தோலைக் கிழித்து வெளியே நின்றாலும் கால் உடம்போடு வந்தது. இருவரையும் ஒரே மாட்டு வண்டியில் ஒசூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வண்டியின் வைக்கோலில் யார் ரத்தம் எது என்று பார்த்துச் சொல்ல முடியவில்லை. செல்லி வழியெல்லாம் கன்னடத்திலும் தமிழிலும் கவுண்டரைத் திட்டிக்கொண்டே அவர் காலையும் சேர்த்துப் பிடித்திருந்தாள்.

மூன்று மாதம் கழித்துக் கிணற்றுக்குப் பூஜை வைத்தார் வெங்கடப்பன். தண்ணீர் நாலு ஆள் உயரம் நின்றது. வெட்டிய எங்கள் தெருக்காரர்கள் இனி அதில் இறங்கக் கூடாது, தொடக் கூடாது, அதுதான் வழக்கம். நாங்கள் புங்கமரத்தடியில் நின்றோம். முதல் சொம்புத் தண்ணீரை வெங்கடப்பன் தீர்த்தகிரிக் கவுண்டரிடம் கொடுத்தார்.

கவுண்டர் குடிக்கவில்லை. தடியை ஊன்றி, அந்தப் பத்தடியை நொண்டி நொண்டிக் கடந்து வந்தார்.

"ஹவில்தார் சாப்."

திம்மப்பன் பதறி எழுந்தான். "என்னங்க கவுண்டரே இது. நிழல்ல உக்காருங்க."

"அன்னைக்கு நான் கையக் கீழ போட்டுட்டேன்."

"தண்ணிக்குள்ள எவன் கையுந்தான் நிக்குமுங்க. விடுங்க."

"கெணத்துல என்னைக் கூப்பிட்டியே, அப்படிக் கூப்பிடுடா."

"அங்க தண்ணி கழுத்து வரைக்கும் இருந்துச்சுங்க," என்றான் திம்மப்பன். "இப்ப மேல வந்துட்டோமுல்ல."

கவுண்டர் சொம்பைச் சாய்த்தார். திம்மப்பன் வழக்கம்போலக் குனிந்து கையைக் குவித்தான். கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும் இருந்த அந்தக் கையில் தண்ணீர் நிற்கவில்லை. நடுவில் வழிந்து மண்ணில் விழுந்தது. கவுண்டர் மறுபடி ஊற்றினார். மறுபடியும் விழுந்தது. மூன்றாம் தடவை அவர் ஊற்றவில்லை. சொம்பை அவன் இடது கையில் வைத்து, விரல்களை அதைச் சுற்றி மூடிவிட்டார்.

வெங்கடப்பன் தொண்டையைக் கனைத்தார். யாரும் திரும்பவில்லை. திம்மப்பன் சொம்பைப் பார்த்தான், கவுண்டரைப் பார்த்தான், பிறகு விளிம்பில் வாய் வைத்து அடிவரை குடித்தான்.

அவன் வாய் வைத்த அந்தச் சொம்பை வெங்கடப்பன் வீட்டார் திருப்பிக் கேட்கவேயில்லை. பல வருஷம் செல்லி அதில்தான் கேழ்வரகு அளந்தாள்.