பெயர்நாளில் பூட்டிய வீடு

1

இந்தக் கதை நான் ஓசியில் தின்ற சாப்பாட்டிலிருந்து பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரெதிம்னோ ஊரில் தெஸ்பினா என் எதிர்வீட்டுக்காரி. ஆகஸ்ட் பதினைந்து மாதா திருநாள். தெஸ்பினா என்பது மாதாவின் பெயர்களில் ஒன்று, அதனால் அவளுக்குப் பெயர்நாளும் அதுதான். கிரீட் தீவில் பெயர்நாளுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. கதவு திறந்திருக்கும், நாம் போக வேண்டும், பெயர்நாள்காரர் சாப்பாடு போட வேண்டும். வருடா வருடம் நானும் போய் வயிறு புடைக்கத் தின்றிருக்கிறேன். அன்றைக்கு அவள் உட்கார்ந்து நான் பார்த்ததே கிடையாது.

("அவள் கைகள் கடலலைபோல் ஓய்வறியா..." என்று இங்கே ஒரு வரி தொடங்கினேன். தெஸ்பினா படித்தால் சிரிப்பாள். விட்டுவிட்டேன்.)

2

ஜூலையில் ஒரு மாலை. சமையலறை மேசையில் தீவின் வரைபடம், பறக்காமலிருக்க மூலைக்கொரு காப்பிக் கோப்பை. சுற்றிலும் தெஸ்பினா, புருஷன் சிஃபிஸ், படிக்க ஏதென்ஸ் போகவிருக்கும் மகள் அர்கிரோ.

"கார்லயே தீவை ஒரு சுத்து சுத்தறோம்," என்றாள் அர்கிரோ. "கிழக்க ஸாக்ரோஸ் பள்ளத்தாக்குல நடை. அப்புறம் தெற்குக் கரையோட வந்து, பதினஞ்சாம் தேதி சூயாவுல கயாக்*. அம்மா முன்னாடி, நான் பின்னாடி."

"அன்னிக்குப் பெயர்நாளாச்சேடி," என்றான் சிஃபிஸ். "வீடு பூட்டிக் கெடந்தா யாரோ செத்துட்டாங்கன்னுல்ல ஊரு நெனைக்கும்?"

"நெனைச்சுட்டுப் போகட்டும்," என்றாள் தெஸ்பினா. "ஒரே ஒரு பெயர்நாளாவது அடுப்பு முகத்துல முழிக்காம தண்ணி மேல இருக்கணும் எனக்கு. அடுத்த வருஷம் இவ எங்கயோ, நான் எங்கயோ."



* துடுப்புப் போட்டுப் போகும் ஒல்லிப் படகு. தெஸ்பினா அதில் ஏறியதே இல்லை.

3

சிஃபிஸை வில்லனாக்கிவிடலாமா என்று பார்த்தேன். அந்த அளவுக்கு அவனுக்குச் சாமர்த்தியம் போதாது. வீட்டில் துக்கம் என்று ஊர் பதறிவிடக் கூடாதே என்று நல்ல மனதோடு ரொட்டிக்கடை மரினோஸிடம் போனான்.

"வீடு பூட்டியிருக்கும். துக்கமெல்லாம் ஒண்ணுமில்ல. சூயாவுலதான் இருப்போம்."

எங்கள் தீவில் பெயர்நாளன்று இருக்கும் இடத்தைச் சொன்னால், வாருங்கள் என்று சொன்னதாகத்தான் அர்த்தம். பிறந்ததிலிருந்து இங்கேயே இருப்பவனுக்கு அது மறந்துபோனது. மரினோஸ் அன்றே கார்களுக்கு ஆள் சேர்க்க ஆரம்பித்துவிட்டான்.

4

பதினைந்தாம் தேதி காலை, சூயாவின் கூழாங்கல் கரை. பள்ளத்தாக்கு நடையில் வந்த கொப்புளங்களோடு தெஸ்பினா கயாக்கில் ஒரு கால் வைத்திருந்தாள். அப்போது கார்கள் வந்து நின்றன. இரண்டாவது காரில் மடியில் தர்பூசணியோடு நான்.

"பல்லாண்டு, தெஸ்பினா!" என்றான் மரினோஸ்.

அவள் புருஷனைப் பார்த்தாள்.

"எடத்த மட்டுந்தான் சொன்னேன்," என்றான் சிஃபிஸ்.

"உன்னப் போயி..." (அவளும் முடிக்கவில்லை.)

முடிவு அ: அவள் இறங்கி வருகிறாள், அடுப்பு மூட்டுகிறாள். எழுதிப் பார்த்தேன். இத்தனை வருடம் அவள் போட்டதைத் தின்ற கை இது. அவளை அடுப்படிக்குத் திருப்பி அனுப்ப மாட்டேன் என்றது.

முடிவு ஆ: திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விடுகிறாள். வேறு யாராவது போகலாம், தெஸ்பினா போக மாட்டாள்.

5

ஆகவே நடந்ததை மட்டும் சொல்கிறேன். மரினோஸிடம் கத்தி வாங்கி, பாறை மேல் தர்பூசணியை வெட்டி ஆளுக்கொரு துண்டு கொடுத்தேன். அவளுக்கு நான் பட்ட நன்றிக்கடனுக்கு அது எந்த மூலைக்கு? இருந்தாலும் கொடுத்தேன்.

"ஏறும்மா," என்றாள் அர்கிரோ.

ஏறினாள். படகு கரையை விட்டது. துடுப்பைத் தண்ணீரில் வைத்தவள், வைத்தபடியே கழுத்தைத் திருப்பி எங்களைக் கேட்டாள்:

"எல்லாரும் சாப்ட்டீங்களா?"

விடியுமுன் கிளம்பியவர்கள் நாங்கள். ஒருவரும் சாப்பிட்டிருக்கவில்லை, தர்பூசணியெல்லாம் அவள் கணக்கில் சாப்பாடே ஆகாது. ஒருவர் இல்லையென்று தலையை ஆட்டினாலும் படகு திரும்பிவிடும். என் வாய் நிறையவோ தர்பூசணி.

இவ்வளவு தூரம் எங்களோடு வந்துவிட்டீர்கள். அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பதிலை நீங்கள் சொல்லுங்கள், அவளுக்குக் கேட்கும்படி.