பிரேக் பிடித்த முகம்

டிரைவிங் ஸ்கூல் முதலாளி கைபேசிச் செயலி ஒன்றைத் தொடங்கிய நாளிலிருந்து பிரேக்கக்காவின் கார் சும்மா நின்றது.

அதற்கு முன்பெல்லாம் கார் பழக விரும்புகிறவர்கள் அலுவலகத்துக்கு வந்து நிற்பார்கள். எந்த வண்டி ஓய்வாக இருக்கிறதோ அதில் முதலாளி ஏற்றி அனுப்பிவிடுவார். பக்கத்து இருக்கையில் இருந்து கற்றுத்தரப்போவது யார் என்று எவரும் கேட்டதில்லை. முதன்முதலாக ஸ்டியரிங்கைப் பிடிக்கிறவருக்குத் தன் உயிர் தன்னிடம் இருக்கிறதா என்று பார்க்கவே நேரம் போதாது. பக்கத்து முகத்தைப் பார்க்க ஏது நேரம்? இப்போதோ எல்லாப் பயிற்சியாளர்களின் முகங்களும் திரையில் வரிசைகட்டி நின்றன. பிடித்த முகத்தை விரலால் தொட்டால் போதும், அந்த முகத்துக்குரிய வண்டி தெருமுனைக்கே வந்துவிடும். பிரேக்கக்காவின் முகத்தைத் தொடத்தான் ஆள் இல்லை.

அந்தப் பெயர் அவளிடம் பழகியவர்கள் சூட்டியது. பயிற்சி வண்டியில் கற்றுத்தருகிறவரின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. மற்றவர்கள் அதன்மேல் காலை வைப்பது அபூர்வம். அவள் அதிலிருந்து காலை எடுப்பது அபூர்வம். அவளிடம் பழகியவர் எவரும் இதுவரை ஒரு குப்பைத்தொட்டியைக்கூட இடித்ததில்லை. அது அவளுக்குப் பெருமை. ஆனால் அந்தப் பெருமை புகைப்படத்தில் விழவில்லை.

விழுந்தது வேறு. முதலாளி அவளை உச்சி வெயிலில் அலுவலக வாசலில் நிறுத்தி, "இங்க பாருங்க" என்றுகூடச் சொல்லாமல் எடுத்த படம் அது. கண்கள் சுருங்கி, புருவங்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, கண்ணுக்குக் கீழே இரண்டு கரிக்குழிகளோடு, யாரையோ தேடிக்கொண்டு வந்தவள்போல அதில் நின்றாள். மாடி வீட்டில் குடியிருந்த அவளுடைய ஓரகத்தி, அதாவது கொழுந்தனின் மனைவி, அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு, "இதப் பாத்தா, கார் பழக வர்றவன் இருக்கிற சைக்கிளையும் வித்துட்டு நடந்தே போயிடுவான்க்கா" என்றாள்.

முதலாளி கெட்டவர் அல்லர். ஆனாலும் நிற்கிற வண்டியை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பார்? அடுத்த வாரக் கடைசிக்குள் அவளைத் தேர்ந்தெடுத்து ஆட்கள் வராவிட்டால், காரைப் பல்லழகனிடம் கொடுத்துவிட்டு அவள் உள்ளே உட்கார்ந்து தொலைபேசி எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். பல்லழகன் புதிதாகச் சேர்ந்த பயிற்சியாளன். படத்தில் அவன் முகத்துக்கு முன்னால் பற்கள்தாம் வந்து வரவேற்கும். சேர்ந்த சில நாட்களிலேயே பள்ளியின் இரும்புக் கதவை ஒரு பக்கம் இடித்தான். அந்தக் கோணல் கண்ணை உறுத்தியதோ என்னவோ, மறுபக்கமும் இடித்துச் சமன் செய்தான். அவனுக்கு ஆட்கள் குவிந்துகொண்டிருந்தார்கள்.

அந்தக் காரைக் கொடுக்கப் பிரேக்கக்காவுக்கு மனமில்லை. அதன் கிளட்ச் எப்போது முனகும், எப்போது முரண்டு பிடிக்கும் என்பதெல்லாம் அவளுக்கு வீட்டு மனிதர்களின் குணம்போல அத்துப்படி. நாள் முழுதும் உலகம் எதிரே வேகவேகமாக வந்துகொண்டிருக்க, அதை ஒரு காலால் நிறுத்திவைக்கிற இடம் அது. அதை விட்டுவிட்டு, "சொல்லுங்க சார், சொல்லுங்க மேடம்" என்று சுவரைப் பார்த்துக்கொண்டு எப்படி உட்காருவது? வேறு படம் வேண்டும், நல்லதாக வேண்டும், உடனே வேண்டும்.

முதலில் சமையலறையில் முயன்றாள். தலைக்கு மேலே எரிந்த குழல்விளக்கு, இருக்கிற கருவளையத்துக்குக் கீழே இல்லாத இரண்டை வரைந்து கொடுத்தது. கூடத்துக்கு வந்து, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்று எடுத்தாள். ஜன்னல் மிக அழகாக விழுந்திருந்தது. அவள் நின்ற இடத்தில் ஒரு கரிய உருவம் இருந்தது. கையை மடக்கிக் கிட்டத்தில் வைத்து எடுத்ததில் மூக்கு முதலில் வந்து சேர்ந்தது. முகம் அதன் பின்னால் மெதுவாக வந்தது.

"ஏங்க, என் மூக்கு இவ்வளவு பெரிசாவா இருக்கு?" என்று கணவனிடம் நீட்டினாள்.

அவன் லிஃப்ட் பழுதுபார்க்கிறவன். ஒரு பொருள் வேலை செய்கிறதா இல்லையா என்பதற்கு மேல் எதையும் யோசிக்காதவன். தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "இருக்கிறதுதானே விழும்" என்றான். அதற்குப் பிறகு அவன் கேட்ட குழம்பு அவனுக்கு வரவில்லை.

எல்லாவற்றையும்விட அவளை எரிச்சலூட்டியது வேறொன்று. திரையில் பார்க்கும்போது முகம் பழகிய முகமாகத்தான் இருந்தது. பட்டனைத் தொட்டு, விழுந்த படத்தைத் திறந்தாலோ வகிடு பக்கம் மாறி, உதடு மறுபுறம் கோணி, தூரத்து உறவுக்காரி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். வாழ்நாளில் பாதியைக் காரின் கண்ணாடிகளைப் பார்த்தே கழித்தவள் அவள். கண்ணாடியில் கண்ட முகமே தன் முகம் என்று நம்பியிருந்தவளுக்கு, பிறர் கண்ணுக்குத் தெரிகிற முகம் அந்நியமாக இருந்ததில் வியப்பில்லை. வியப்பில்லைதான், கோபம் இருந்தது.

கொக்கு ஒன்று குளத்தில் தன் முகத்தைப் பார்க்க ஆசைப்பட்டதாம். பார்க்கக் குனிந்தபோதெல்லாம் நீண்ட அலகு முதலில் தண்ணீரைத் தொட்டது, அலை எழும்பியது, முகம் கலைந்தது. இந்தக் குளம் சரியில்லை என்று அடுத்த குளத்துக்குப் பறந்தது. அங்கும் அதே கதை. ஊரில் உள்ள குளங்களையெல்லாம் திட்டித் தீர்த்ததே ஒழிய, தன் அலகைப் பற்றி அதற்குக் கடைசிவரை ஐயமே வரவில்லை. பிரேக்கக்காவும் சமையலறையைத் திட்டினாள், கூடத்தைத் திட்டினாள், கைபேசியைத் திட்டினாள், கடைசியில் அதைக் கட்டிலில் வீசிவிட்டு மாடிப்படி ஏறினாள்.

ஓரகத்தியிடம் உதவி கேட்பது எளிதன்று. அவள் எந்த வெளிச்சத்திலும், எந்தக் கோணத்திலும், கொட்டாவி விடும்போதுகூட அழகாக விழுகிறவள். அதோடு அதை மற்றவர்களுக்குச் சொல்லிக்காட்டாமல் இருக்கத் தெரியாதவள். இருந்தாலும் அன்று அவள் கேலியைச் சுருக்கமாக முடித்துக்கொண்டு காரியத்தில் இறங்கினாள். ஜன்னலுக்கு முதுகைக் காட்டாமல் முகத்தைக் காட்டச் சொன்னாள். தன் கைபேசியைக் கண்ணுக்குச் சற்று மேலே, அலமாரியில் புட்டிகளுக்கு நடுவே சாய்த்துவைத்து, மூக்கு ஊதாமலிருக்க நாற்காலியைத் தள்ளிப்போட்டாள். திரையில் தன்னைத் தேடாமல், மேலே இருக்கிற சின்ன வட்டத்தைப் பார்க்கச் சொன்னாள். எண்ணிக்கை ஓடி, படம் தானாக விழும்படி அமைத்தாள்.

எல்லாம் சரியாக இருந்தது. எண்ணிக்கை ஓடும்வரை முகமும் சாந்தமாகத்தான் இருந்தது. படம் விழுகிற கணத்தில் தாடை இறுகி, புருவம் நெரிந்து, பழைய ஆள் வந்து உட்கார்ந்துவிட்டாள். மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் அவளே.

ஓரகத்தி செருப்புக் கடையில் விற்பனைக்கு நிற்பவள். யாரைப் பார்த்தாலும் முதலில் காலைப் பார்க்கிற பழக்கம் அவளுக்கு உண்டு. அவள் குனிந்து பார்த்துவிட்டு, "அக்கா, காலை ஏன் அமுக்குறீங்க?" என்றாள்.

"எந்தக் கால?"

"வலது கால. ஒவ்வொரு தடவையும் போட்டோ விழுறப்போ தரையப் போட்டு அமுக்குறீங்க. தரை ஓடியா போகுது?"

பிரேக்கக்கா தன் காலைப் பார்த்தாள். பாதம் தரையில் அழுந்தி, விரல்கள் மடங்கியிருந்தன. ஏதோ நடக்கப்போகிறது என்று உடம்புக்குத் தெரிந்தால் போதும், கால் பிரேக் போட்டுவிடுகிறது. கால் போட்ட பிரேக்கில் முகமும் சேர்ந்து நின்றுவிடுகிறது. சமையலறையும் ஜன்னலும் செய்த குற்றம் பாதிதான். அமுக்காமல் உட்கார முயன்றாள். முயல்கிறோம் என்ற நினைப்பே காலை இன்னும் அழுத்தியது.

ஓரகத்தி யோசித்து, துணி தேய்க்கிற உயரமான மேசையை ஜன்னலோரம் இழுத்து, அதன்மேல் ஏறி உட்காரச் சொன்னாள். மணவயதுக்குப் பிள்ளைகள் வளர்ந்த காலத்தில் மேசைமேல் ஏறிக் காலை ஆட்டுவதா என்று பிரேக்கக்கா முனகினாள். வேறு வழி இல்லாததால் ஏறினாள். எண்ணிக்கை ஓடியது. கால் கீழே பிரேக்கைத் தேடியது. கிடைக்கவில்லை. அந்தரத்தில் ஒரு முறை உதறியது. அவளுக்கே வெட்கமாகிச் சிரிப்பு வந்தது. படம் விழுந்தது.

இருவரும் தலையை ஒட்டிவைத்துக்கொண்டு பார்த்தார்கள். நல்ல முகம், கனிவான முகம், இந்த முகத்தை நம்பி எவரும் காரை மட்டுமல்ல, வீட்டுச் சாவியையே கொடுப்பார்கள். அத்தோடு விட்டிருக்கலாம். ஓரகத்தியின் விரல் சும்மா இருக்கவில்லை. புருவ நடுவிலிருந்த கோட்டைத் தேய்த்தாள். கன்னத்தில் வெளிச்சம் கூட்டினாள். மூக்கோரத்து மருவையும் எடுத்துவிட்டாள்.

"அது என் மருடி."

"அதுவுமா வந்து கார் சொல்லித்தரப்போகுது? விடுங்கக்கா."

முதலாளி புதிய படத்தைப் போட்ட இரண்டாம் நாளே அவள் வரிசையில் ஆட்கள் விழத் தொடங்கினார்கள். பிரேக்கக்கா காரை அகமும் புறமும் துடைத்து, கண்ணாடிகளைச் சரிசெய்து, முதல் ஆளைத் தேடிப் போனாள்.

பல் மருத்துவரிடம் உதவியாளராக இருக்கும் ஓர் இளம்பெண் தெருமுனையில் நின்றுகொண்டிருந்தாள். பிரேக்கக்கா இறங்கி வணக்கம் சொன்னாள். அந்தப் பெண் அவளைத் தாண்டிக் காருக்குள் எட்டிப் பார்த்தாள்.

"டீச்சர் வரலையா?"

"நான்தாம்மா டீச்சர்."

பெண் கைபேசியைப் பார்த்தாள். நிமிர்ந்து பார்த்தாள். "இல்லையே" என்றாள்.

பிரேக்கக்கா பொறுமையாக, அது தான்தான் என்றும் அண்மையில் எடுத்த படம் என்றும் விளக்கினாள். படத்தில் இருப்பவருக்கு மரு இல்லையே என்று பெண் கேட்டாள். பிரேக்கக்கா மனத்துக்குள் ஓரகத்தியை ஒரு சொல் சொல்லிவிட்டு, பள்ளியின் அடையாள அட்டையை எடுத்து நீட்டினாள். அதிலிருந்தது என்றோ எடுத்த பழைய படம். பெண் அட்டையையும் கைபேசியையும் எதிரே நின்றவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இப்ப மூணு பேர் ஆயிட்டாங்க" என்றாள்.

கோபம் உச்சிக்கு ஏறியது. ஆனால் அந்தப் பெண்ணைக் குறை சொல்ல வழியில்லை. முகம் பொருந்தாத ஆளின் வண்டியில் தன் வீட்டுப் பெண் ஏறியிருந்தால் பிரேக்கக்காவே கன்னத்தில் ஒன்று வைத்திருப்பாள். செயலியிலிருந்த எண்ணில் முதலாளியை அழைத்தாள் அந்தப் பெண். கைபேசி கைமாறி வந்தபோது அவர் குரலில் குழைவு இல்லை. முதல் ஆளே புகார் சொல்கிறார் என்று கடிந்துகொண்டார். அந்தப் பெண் ஏறாவிட்டால் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிடச் சொன்னார். பழைய படத்தையே போட்டுவிடுங்களேன் என்று அவள் கெஞ்சியதற்கு, "இப்பதான் ஓட ஆரம்பிச்சிருக்கு, கைய வைக்காதீங்க" என்று முடித்துக்கொண்டார்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க" என்றாள் பெண். "அவங்க முகம் பாத்தா பயமே வரல. அதான் அவங்களத் தேடி எடுத்தேன். நீங்க அவங்கதான்னா, ஒரு தடவை சிரிங்களேன்."

பிரேக்கக்கா சிரித்தாள். அதாவது, உதட்டை விரித்தாள். வலது கால் தெருவை அழுத்தியது, தாடை பூட்டிக்கொண்டது. பெண் ஓரடி பின்னால் போனாள்.

வேறு வழியே இல்லை. பிரேக்கக்கா தெருவின் இரு பக்கமும் பார்த்தாள்; புடவையை இழுத்துச் செருகினாள்; காரின் பானட்மேல் ஏறி உட்கார்ந்தாள். எஞ்சின் சூடு சுள்ளென்று ஏறியது. எதிர் சலூனிலிருந்து, முகம் நிறையச் சோப்பு நுரையோடு ஒருவர் எழுந்து வந்து வாசலில் நின்றார். அவள் இரண்டு கால்களையும் தரையிலிருந்து தூக்கிக்கொண்டு, "இப்ப பாருங்க" என்றாள்.

பெண் கைபேசியை அவள் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தாள். கொஞ்சம் இப்படித் திரும்பச் சொன்னாள். கொஞ்சம் அப்படித் திரும்பச் சொன்னாள். சூடு தாங்காமல் கால்கள் தாமாக ஆடின. நுரை மனிதர் பார்த்த பார்வையில் பிரேக்கக்காவுக்கு அடக்கமுடியாத சிரிப்பு பீறிட்டது.

"அட, அவங்களேதான்" என்றாள் பெண், தானும் சிரித்துக்கொண்டு.

வண்டி புறப்பட்டது. புறப்பட்டதே தவிர, பெண்ணின் கண் சாலையில் நிற்கவில்லை. பக்கத்தில் இருப்பது அந்த முகம்தானா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். வளைவில் ஒரு சாமான் வண்டி நின்றிருந்தது. அவள் திரும்பிப் பார்த்த நேரத்தில் கார் அதை நோக்கி நேராகப் போனது. பிரேக்கக்காவின் கால் கீழே இறங்கியது. கார் குலுங்கி, ஒரு சாண் இடைவெளியில் நின்றது.

பெண் ஸ்டியரிங்கை விடாமலே திரும்பினாள். நெரிந்த புருவத்தையும் இறுகிய தாடையையும் வெகுநேரம் பார்த்தாள்.

"மேடம், இப்ப நீங்க அந்த போட்டோ மாதிரி கொஞ்சங்கூட இல்ல."

"என் மூஞ்சி ரோட்டுல இல்லம்மா. முன்னாடி பாருங்க."

அதன்பின் பெண் முன்னால் மட்டுமே பார்த்தாள். வகுப்பு முடிந்து இறங்கும்போது, மீதி வகுப்புகள் எல்லாவற்றுக்கும் அங்கேயே நின்று இதே முகத்தைத் தொட்டாள். கார் பிரேக்கக்காவிடமே நிலைத்தது. "அடுத்த தடவை பானட்டுல ஏற வேணாம் மேடம். நான் அடையாளம் கண்டுக்குவேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பிரேக்கக்கா கைபேசியைப் பார்த்தாள். அடுத்த ஆள் இரண்டு தெரு தள்ளிக் காத்திருந்தார். அவருக்கு அடுத்தவரும், அதற்கும் அடுத்தவரும் வரிசையில் இருந்தார்கள். எல்லாரும் மருவில்லாத அந்தக் கனிவான பெண்மணிக்காகத் தெருமுனைகளில் நின்றுகொண்டிருந்தார்கள். அவள் காரைச் சுற்றி முன்பக்கம் வந்து, பானட்டை உள்ளங்கையால் தொட்டுப் பார்த்தாள். சூடு சற்றும் ஆறவில்லை.