படகோட்டியின் மரணம்

ஒரு மனித வாழ்வைப் புரட்டிப்போட ஒரே ஒரு நூல் போதும். பள்ளியின் காலைக் கூட்டத்தில் தமிழம்மா இப்படித் தொடங்கினால் கடைசி வரிசைகூட மூச்சு விடாது. நூலின் மேலுள்ள மரியாதையால் அல்ல. அடுத்து அவர் அழுவார்; அழுகை நீண்டால் முதல் பீரியட் கணக்கு அடிபடும்.

அந்த நூல், கல்லூரிப் பேச்சுப் போட்டியில் அவருக்குப் பரிசாகக் கிடைத்த தடித்த நாவல். கடைசி அத்தியாயத்தில் படகோட்டி புயலில் சாகும் இடத்தை அவர் சொல்லச் சொல்ல கல்லும் கரையும். வீட்டில் கண்ணாடி அலமாரியில், கோப்பைகளுக்கு நடுவே தானும் ஒரு கோப்பையைப் போல அது நின்றிருந்தது.

புத்தக வாரத்துக்குத் தலைமையாசிரியர் புதுமை ஒன்றைக் கொண்டுவந்தார். மாணவர்கள் தங்களுக்குப் பிடித்த புத்தகத்துக்கு, சினிமாவுக்குப் போல டிரெய்லர் எடுக்க வேண்டும். முடிவில் தலைமையாசிரியரின் புகைப்படம் வர வேண்டும். பிள்ளைகள் கையில் கிடைத்த புத்தகத்துக்கெல்லாம் பேய்ச் சத்தம் போட்டார்கள். விண்வெளி பற்றிய புத்தகத்தில்கூடக் கதவு கிறீச்சிட்டது.

ஒன்பதாவது படிக்கும் தமிழம்மாவின் மகள் அம்மாவின் நாவலையே எடுத்துக்கொண்டாள். அம்மாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. குளியலறை வாளியில் கடல், மேசை விசிறியில் புயல், எதிர்வீட்டுத் தோழிக்கு மீசை வரைந்து படகோட்டி என்று வீடே ஒரு வாரம் அல்லோலகல்லோலப்பட்டது.

போட்டிக்கு முந்தின மாலை, சமையலறையில் மகள் போனை நீட்டினாள். முதல் காட்சியில் ஒரு ஸ்டீல் ஸ்கேல். அது மடிந்து ஒட்டியிருந்த தாள்களுக்கிடையே நுழைந்து, சர்ரென்று கிழித்துக்கொண்டு போனது. பின்னணியில் அம்மாவின் காலைக் கூட்டக் குரல்: "ஒரே ஒரு நூல் போதும்..."

"என்னடி பண்ணியிருக்கே புத்தகத்தை?"

"பைண்டிங் பண்றப்போ வெட்டாம விட்டுட்டாங்கம்மா. முப்பதாம் பக்கத்துக்கு அப்புறம் எல்லாமே ஒட்டியிருந்துச்சு. ஷாட் சூப்பரா இருக்குல்ல?"

சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அப்பா தலையைத் தூக்கினார். "உங்கம்மா புத்தகத்தைத் தொறக்காமலே படிப்பாடி. அதுக்குத்தானே பரிசே கொடுத்தாங்க."

"நான் படிச்சது காலேஜ் லைப்ரரி காப்பி" என்றார் தமிழம்மா. குரல் அவருக்கே அந்நியமாகக் கேட்டது.

"நானும் அப்படித்தான் நெனச்சேன்மா." மகளின் பதில் கொஞ்சம் சீக்கிரமாகவே வந்துவிட்டது.

தமிழம்மா அடுப்பைத் தணித்தார். இத்தனை வருஷக் கண்ணீரும் பொய்யில்லை, நிஜமாகவே வந்ததுதான். பின்னட்டையில் புயல் என்று இருந்தது. படகோட்டி, புயல், இவ்வளவு தடிமன்; சாகாமல் வேறென்ன செய்வான்? விடுமுறையில் படித்துவிடலாம் என்றுதான் ஒவ்வொரு வருஷமும் நினைத்தார். இப்போது ஊரே சிரித்தாலும் பரவாயில்லை. இந்த ஒருத்தி சிரித்துவிட்டால்?

"நீ கடைசிவரை படிச்சியா?"

"படிச்சேன்மா."

"கடைசி அத்தியாயம்... அழுதியா?"

மகள் அப்பாவைப் பார்த்தாள். அவர் காலரில் மும்முரமாக இருந்தார். "அழுதேம்மா" என்றாள். "ரொம்ப."

போன உயிர் திரும்பி வந்தது தமிழம்மாவுக்கு. மகளின் தலையைத் தடவிவிட்டு மீதியைப் பார்த்தார். விசிறிக் காற்றில் மீசை கலைய, தோழி வாளிக் கடலில் உருக்கமாகச் செத்துப்போனாள்.

மறுநாள் முதல் பரிசு அதற்குத்தான். தலைமையாசிரியர் மைக்கைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார். "அந்த மரணம்! நான் படிச்சப்போ ரெண்டு நாள் சோறு இறங்கலை."

மேடை ஓரத்தில் மகள் கோப்பையைக் கட்டிக்கொண்டு, தன் ஷூ நுனியையே பார்த்தபடி நின்றாள். கைதட்டல் ஓய்ந்த பிறகும் நிமிரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் புதுக் கோப்பையை வைக்க அலமாரியில் இடம் தேடினாள். நாவலை எடுத்து அம்மா கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். ஸ்கேல் கிழித்த ஓரங்கள் பிசிறு பிசிறாக விரலில் உரசின. தமிழம்மா நின்றபடியே கடைசி அத்தியாயத்தைப் பிரித்துப் படித்தார்.

அதில் யாரும் சாகவில்லை. படகோட்டி கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு, பஸ் ஏறி வீட்டுக்கு வருகிறான்.