கேதீஸ்வரனின் கடைசிப் பக்கம்

கணவர் கேதீஸ்வரன் கண்ணை மூடிய பிறகு யோகா வாய் திறந்து கேட்டது ஒன்றே ஒன்றுதான். முப்பத்தோராம் நாள் சடங்குக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் கல்வெட்டில் அவருடைய கவிதை ஒன்று, அவர் வரைந்த படத்தோடு வரவேண்டும்.

கல்வெட்டு என்பது சின்னப் புத்தகம். இறந்தவரின் புகைப்படம், குலவரலாறு, தேவாரம், அவ்வளவுதான். அதை அச்சிடும் பொறுப்பைக் கேதீஸ்வரனின் அக்கா புருஷன் வரதராஜா ஏற்றிருந்தார். குவேக்கர்ஸ் ஹில் புறநகரில் இருந்த யோகாவின் வீட்டுக்கு வந்து கதிரையில் உட்கார்ந்தவர், யோகா நீட்டிய பக்கங்களைப் புரட்டிவிட்டு ஓரமாக வைத்தார்.

“இதிலை பறக்கிற ஒண்டுக்கும் உடுப்பில்லை, தங்கச்சி. சனம் என்ன சொல்லும்? அவன் நல்ல மனுசன். அந்தப் பேரோடை போகட்டும்.”

நல்ல மனுசன் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினார். ஊரில் போரில் செத்த தன் தம்பி, பின்வளவு யூக்கலிப்டஸ் கிளையில் சிறகோடு உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார். கண்டதை எழுத்தும் படமுமாக லினோ என்னும் மெத்தென்ற அச்சுத் தகட்டில் இடம்வலம் மாற்றிச் செதுக்கி, கராஜில் தானே அச்சடித்தார். நிறம் தீட்டுவது யோகா. அந்த மரத்தில் அவள் கண்டதெல்லாம் கிளிகள்தான். சிறகு என்ன நிறம் என்று கேட்பாள். அவர் அண்ணாந்து பார்த்துச் சொல்வார்.

தமிழ்ச் சங்க விழாக்களில் அந்தப் பக்கங்களைச் சும்மா கொடுப்பார். விழா முடிந்ததும் அவை கதிரைகளின் கீழ் கிடக்கும். பொறுக்கித் தூசு தட்டி, அடுத்த விழாவுக்கு எடுத்துப் போவார்.

யோகா வரதராஜாவோடு வாதாடவில்லை. அச்சானதும் பெட்டிகளைத் தன்னிடம் இறக்கிவிடும்படி மட்டும் சொன்னாள். வருகிறவர்களுக்குக் கொடுக்கும் பைகளில் போடத்தானே என்று அவரும் இறக்கிவிட்டுப் போனார். திறந்து பார்த்தாள். முதல் தாளில் வண்ணப் பிள்ளையார். அதன் பின்புறம் வெறுமை.

கேதீஸ்வரன் கடைசியாகச் செதுக்கிய தகட்டுக்கு அவளே மை பூசி, புத்தகத்துக்கு ஒன்றாக அச்சடித்தாள். மரக்கிளையில் தம்பி, கீழே இரண்டே வரி:

‘இறங்கி வராதே தம்பி,
கீழே எல்லோருக்கும் பாரம் இருக்கிறது.’

தூரிகையை நனைத்த பிறகுதான், கேட்க ஆளில்லை என்பது உறைத்தது. வெளியே போய் மரத்தை அண்ணாந்து பார்த்தாள். கிளிகள்கூட இல்லை. கழுத்து நோகும்வரை நின்றுவிட்டு உள்ளே வந்து, இலைகளுக்கு மட்டும் பச்சை தீட்டினாள். சிறகுகளை வெள்ளையாகவே விட்டாள். பிறகு ஒவ்வொரு பிள்ளையாரின் பின்புறத்திலும் ஒரு பக்கத்தைப் பசை போட்டு ஒட்டினாள்.

முப்பத்தோராம் நாள், சாப்பாடு நடந்துகொண்டிருக்கும்போது வரதராஜா புத்தகத்தைத் திறந்தார். முகம் கறுத்தது. மண்டபத்து மூலைக்கு யோகாவைக் கூப்பிட்டு, எல்லாவற்றையும் இப்போதே கிழிக்கப் போவதாகப் பல்லைக் கடித்தார்.

“கிழியுங்கோ அண்ணை,” என்றாள் அவள். “முன்பக்கம் பிள்ளையார்.”

வரதராஜா தாளைத் திருப்பினார். பிள்ளையார். மறுபடி திருப்பினார். தம்பி. விரல் தாளின் ஓரத்தில் சற்று நேரம் நின்றது. பிறகு புத்தகத்தை மூடிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பாயசம் போதுமா என்று பார்க்கப் போய்விட்டார்.

அன்று ஒரு கதிரையின் கீழும் ஒரு புத்தகமும் கிடக்கவில்லை. சாமிப் படத்தை யார் தரையில் போடுவார்கள்? எல்லோரும் பத்திரமாகக் கொண்டு போனார்கள்.

பிறகு வந்த நாட்களில் தொலைபேசி சில தடவை அடித்தது. சாப்பாடு நன்றாக இருந்தது என்றார்கள். கவிதையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. பொறுக்க முடியாமல் யோகாவே வரதராஜாவின் மனைவி பவளத்தை அழைத்தாள். செத்த தம்பியைப் பற்றி மற்றத் தம்பி எழுதியதை அக்காவாவது பார்த்திருப்பாள்.

“கல்வெட்டு எங்கை மச்சாள்?”

“சாமியறையிலை வைச்சிருக்கிறன்.”

“திறந்து பார்த்தனீங்களோ?”

“இல்லையடி. அவன்ரை முகத்தைப் பார்க்க ஏலாமல் கிடக்கு. சாமிப் படம் உள்ளதை எறியவும் ஏலாது. அப்பிடியே இருக்கு.”

யோகா யன்னலால் மரக்கிளையைப் பார்த்தாள்.

“ஓம் மச்சாள்,” என்றாள். “இருக்கட்டும். அங்கையே இருக்கட்டும்.”