வேப்பமரத்தடி ஓய்விடம்

நாடு முழுக்க நெடுந்தூர சைக்கிள் பாதைகளை ஒன்றோடொன்று இணைக்கும் வேலையில், செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரைக்குமான துண்டு ஷாரோனுக்கு வந்தது. காகிதத்தில் கோடு கிழித்தால் போதாது. ஆள் சைக்கிளில் போக வேண்டும். போகிற தடத்தைக் கைப்பேசி பதிந்துகொள்ளும். கொஞ்ச நேரம் எங்காவது நின்றால் அதை ஓய்விடம் என்று தானே குறித்துவிடும். சொந்தக் காரியமாகத் திரும்பினால் பதிவை நிறுத்திவிட வேண்டும். மற்றவர்களுக்கு இதைப் பாடமெடுத்ததே ஷாரோன்தான்.

அப்படிப்பட்டவள், நெம்மேலியில் அப்பா வீட்டுத் தெரு கண்ணில் பட்டதும் எல்லாவற்றையும் மறந்தாள். வீட்டில் கேட்காமல் கொள்ளாமல் திருப்போரூர் ஜெகதீசனைக் கட்டிக்கொண்டதிலிருந்து அப்பா ஏசுபாதம் அவளோடு பேசுவதில்லை. அம்மா போன பிறகு அந்த வீட்டில் அவர் ஒற்றை ஆள். வாசலைத் தாண்டிப் போனாள், திரும்பினாள், மறுபடி போனாள். மூன்று சுற்று. எதிரே வேப்பமரத்தடியில் நின்று கதவையே பார்த்தாள். முகத்திலடித்தாற்போல் சாத்திவிட்டால் என்ன செய்வது? ஊர் ஊராக மிதிக்கத் தெம்பிருக்கிறது அம்மணிக்கு, நாலடி எடுத்து வைக்கத்தான் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அன்றைய தடத்தைத் திறந்து பார்க்கவும் மனசு வராமல் அப்படியே அனுப்பி வைத்தாள்.

அவள் அனுப்பிய தடத்தில் சோதனை ஓட்டத்துக்கு வந்தவர்கள் வெளியூர்க்காரர்கள், வரைபடத்தை மட்டும் நம்பி மிதிப்பவர்கள். யாரும் பின்தங்கிவிடக் கூடாதென்று ஷாரோன் கடைசியில் வந்தாள். முன்னால் போனவர்கள் அந்தத் தெருவுக்குள் திரும்பியபோதுதான் அன்று பதிவை நிறுத்தாதது அவளுக்கு நினைவுக்கு வந்தது. இவள் எட்டிப் பிடிப்பதற்குள் அத்தனை பேரும் கோயிலைச் சுற்றுவதுபோல் மூன்று சுற்று சுற்றிவிட்டு, வேப்பமரத்தடியில் இறங்கியிருந்தார்கள்.

ஏசுபாதம் வெளியே வந்து யார் என்னவென்று விசாரித்தார். இங்கே ஓய்விடம் போட்டிருக்கிறது என்றார்கள். அவர் உள்ளே போய்க் குடத்தை எடுத்து வந்து, ஒவ்வொருவருக்கும் தண்ணீர் மொண்டு கொடுத்தார். கடைசி டம்ளரை மகளிடம் நீட்டினார்.

"அன்னிக்கு ஜன்னலாண்ட நின்னுகினு பாத்தேன். நீ உள்ள வந்துடுவேன்னு தாப்பாளக்கூட எடுத்து வெச்சேன் கண்ணு. போய்ட்டியே."

ஷாரோனுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. தப்பாகப் பதிந்துவிட்டது, இன்றைக்கே அழித்துவிடுகிறேன் என்று என்னத்தையோ உளறினாள்.

"அழிக்காத. வர்றவங்களுக்கு நான் தண்ணி வெக்கிறேன்," என்றார் அவர். குடத்தைக் கீழே வைத்துவிட்டு, "மாப்ளைய இட்டுகினு வா," என்றார்.

மூன்று சுற்றையும் ஷாரோன் அன்றே அழித்தாள். வேப்பமரத்தடியை விட்டுவைத்தாள்.