பக்கத்தில் இன்னொரு விரல்குழி

அக்கா, போனில் பாதி சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். மீதியையும் கேள். அம்மாவிடம் மட்டும் மூச்சு விடாதே.

என் வேலைதான் உனக்குத் தெரியுமே. வெளியூர் போனவர்களின் வீட்டுச் செடிகளைப் பார்த்துக்கொள்வது. ஏழாம் மாடியில் ஒரு வீடு ஆறு மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது. வியாழக்கிழமை மதியம் போவேன். ஒரே சாவி, அதுவும் என்னிடம். கூடத்தில் ஆளுயர ரப்பர் செடி. அதன் இலைகள் சுருள ஆரம்பித்ததும் மேலாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், செடி செத்தால் எனக்கு வேலை இல்லை என்று. வேலை இல்லையென்றால் இந்த நாட்டில் தங்கவும் முடியாது. அன்றைக்குத்தான் உன்னைக் கூப்பிட்டேன்.

"மேல சுருளுதா, கீழ சுருளுதா?" என்றாய்.

"கீழக்கா. தொட்டா தொளதொளன்னு இருக்கு."

"அப்ப தண்ணி அதிகம்டா. மொறுமொறுன்னு மேல சுருண்டாத்தான் தாகம். இது வேருக்கு மூச்சு முட்டுது."

"மூணு வாரமா ஒரு சொட்டு ஊத்தலக்கா!"

"யார்கிட்ட? தீனி போட்டே மீனைக் கொன்னவன்தானே நீ!"

நீ சொன்னபடியே தட்டில் தேங்கிய நீரைக் கொட்டினேன். தொட்டியின் அடித்துளையைக் குச்சியால் குத்தி, அடைப்பை எடுத்தேன். அடுத்த வியாழன் தட்டு மறுபடி நிறைந்திருந்தது. ஈரம் பார்க்க விரலை இரண்டாம் கணுவரை மண்ணில் விட்டேன். அப்போதுதான் பார்த்தேன், பக்கத்தில் இன்னொரு குழி. அதற்குள்ளும் விட்டுப் பார்த்தேன். முழு விரலும் போயிற்று. அடி தட்டுப்படவில்லை.

ஒரு சீட்டில், "தயவுசெய்து தண்ணி ஊத்தாதீங்க. காயட்டும்" என்று கிறுக்கி, மண்மேல் வைத்து, ஒரு கூழாங்கல்லை ஏற்றிவிட்டு ஓடிவந்தேன். பேருந்து நிறுத்தத்தில்தான் உறைத்தது. பதற்றத்தில் தமிழில் எழுதியிருக்கிறேன். அந்தக் கட்டடத்தில் அதைப் படிக்க யார் இருக்கிறார்கள்?

அடுத்த வாரம் தட்டு காய்ந்திருந்தது. அதற்கடுத்த வாரமான இன்று இலைகள் விரிந்துவிட்டன. பழைய இலை இரண்டு மட்டும் சுருண்டபடியே இருக்கின்றன. நுனியில் சிவப்பாக ஒரு குருத்து. படம் எடுத்து அனுப்பினேன். மேலாளர் கட்டைவிரல் காட்டினார். பிழைத்தேன் என்று கூழாங்கல்லை எடுத்தேன்.

என் எழுத்துக்குக் கீழே, பென்சிலில், நம் எழுத்தில்:

"காஞ்சிடுச்சு. இப்ப ஊத்தட்டுமா?"

ஓடத்தான் நினைத்தேன் அக்கா. ஆனால் பதில் சொல்லாமல் போனால் மறுபடி குடம் குடமாக ஊற்றினாலும் ஊற்றும். செடி போகும், நானும் போவேன். விரலை விட்டுப் பார்த்தேன். மண் நன்றாகவே காய்ந்திருந்தது.

"ஊத்துங்க. ஒரு டம்ளர் போதும்" என்று எழுதிவைத்தேன்.

வெளியே வந்து பூட்டினேன். சாவியை உருவும்போது உள்ளே குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு டம்ளர் நிறையும் நேரம்தான். நின்றுவிட்டது.